கம்பி கட்டிய பல்லும் வெள்ளைப் பல்லும்



காட்டு வேலையை முடித்து, மாட்டைக் கட்டி, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கர்ப்ப காலக் கவனிப்பு, தடுப்பூசி, குழந்தைகளுக்கு இடையே இடைவெளி என்று பேசுவோம். இன்று பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் கம்பி கட்டிய பல்லைப் பற்றி. "குடும்ப நலக் கூட்டத்துல பல்லுக்கு என்ன சார் வேலை?" என்று பின்னால் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் ஆடி மாதம். துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி கணவனோடு வந்திருந்தாள். மூன்று மாதம். இரத்த சோகை இருக்கிறதா என்று பார்க்க நர்சம்மா, "நாக்கை நீட்டும்மா" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். எடை போட்டால், முந்தைய மாதத்தைவிட இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. மசக்கை என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம்.

கணவன்தான் சொன்னான். "மசக்கை இல்லீங்க சார். பல்லு கூசுதுன்னு எதையும் சாப்பிட மாட்டேங்குது. தண்ணி குடிச்சாக்கூட கூசுது. எட்டு மாசமா கிளிப்பு போட்டிருக்கோம்."

பையன் ஓசூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிறான். மனைவியின் தூக்குப் பல்லுக்கு அவனே மாதாமாதம் பணம் கட்டிக் கம்பி போட்டுவிட்டிருக்கிறான். நல்ல பிள்ளை. அதற்குள் அவனுடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. போட்டோ, வீடியோ என்று வரும் அல்லவா? நாத்தனார் விளையாட்டாகச் சொன்னாளாம்: "அண்ணி, கம்பியும் மஞ்சளுமா நிக்கப் போறீங்களா?" அன்று இராத்திரியே இந்தப் பெண் எலுமிச்சம்பழத்தை வெட்டி, உப்பைத் தொட்டு, அடுப்புக் கரியும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறாள். காலையும் மாலையும். ஆறு வாரம்.

கடைசியில் எனக்காக வாயைத் திறந்து காட்டினாள். ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம். "கூசுனாலும் பரவால்ல சார், கொஞ்சம் வெள்ளையாயிருக்கு பாருங்க" என்று கம்பிப் பொட்டைச் சுற்றி விரலால் காட்டினாள். பார்த்தேன். சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டுகள் நான்கைந்து பல்லில். அவள் சந்தோஷப்பட்ட அந்த வெள்ளைதான், பல் அரிக்கத் தொடங்கிவிட்டதன் முதல் அடையாளம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் ஆற வேண்டும், சாப்பிட வேண்டும், எடை ஏற வேண்டும், அது முதல் வேலை என்று மட்டும் சொல்லி, அன்றைக்கே இருவரையும் பல் மருத்துவரிடம் அனுப்பினோம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. என் பல்லையே பாருங்கள். முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். நானும் நம் மாவட்டத்துக்காரன்தான், பாலக்கோட்டுப் பக்கம். சிறுவயதில் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குடித்து வளர்ந்த பல் இது. குறுக்கே பழுப்புக் கோடு. எனக்குப் பெண் பார்க்கப் போன வாரம், செங்கல்லை இடித்துச் சலித்து, உப்புப் போட்டு மூன்று நாள் தேய்த்தேன். ஈறு கிழிந்ததுதான் மிச்சம், கோடு அசையவில்லை. பொதுச் சுகாதார டிப்ளமா படித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது புரிந்தது. கல்யாணமாகி முப்பது வருடம் ஆகப் போகிறது. அந்தச் செங்கல் இன்னும் என் பல்லில் கூசிக்கொண்டிருக்கிறது. ஐஸ் தண்ணீர் குடிக்க முடியாது.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்லின் மேல் ஓடு எனாமல். தமிழில் பற்சிப்பி என்பார்கள். நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான், எலும்பைவிடக் கெட்டி. ஆனால் கடிக்கிற முனையில் சுமார் 2 மில்லிமீட்டர்தான் கனம், ஈறை நெருங்க நெருங்க மெல்லிசாகிவிடும். அது கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்கு அடியில் இருக்கிற பாகம் இயற்கையிலேயே இளமஞ்சள். ஆகவே ஆரோக்கியமான பல் என்பது பாலின் வெள்ளை அல்ல, இலேசான மஞ்சள் கலந்த வெள்ளை. இது அழுக்கு இல்லை. இதைத் தேய்த்துப் போக்க முடியாது. தேய்க்கத் தேய்க்க மேல் ஓடுதான் மெல்லிசாகும், அடியில் உள்ள மஞ்சள் இன்னும் அதிகமாகத் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்கிறோம்! எனாமல் ஒருமுறை தேய்ந்தால் நகம் போல, முடி போலத் திரும்ப வளராது.

இரண்டாவது, வெளியிலிருந்து படிகிற கறை. டீ, காபி, வெற்றிலைபாக்கு, பீடி, புகையிலை. இது மேலே படிந்தது. பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போகும்.

மூன்றாவது நம் ஊர்க் கறை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு என்ற உப்பு அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீரைச் சின்னப் பிள்ளைகள் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற பல்லிலேயே கோளாறு ஏற்பட்டு, முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக வருகிறது. இந்தக் கறை பல்லின் மேலே இல்லை, பல்லுக்குள்ளே இருக்கிறது. செங்கல்லும் கரியும் அதைத் தொடவே முடியாது. அந்தப் பெண்ணுக்கும் இது கொஞ்சம் இருந்தது. தன்னுடைய சோம்பலால் வந்த அழுக்கு என்று பாவம் அவள் நினைத்திருக்கிறாள்.

இனி கம்பிக்கு வருவோம்.

கிளிப்பு என்றும் கம்பி என்றும் நாம் சொல்வது மூன்று சாமான் சேர்ந்தது. ஒவ்வொரு பல்லிலும் பசை வைத்து ஒட்டிய ஒரு சின்னத் துண்டு. டாக்டர்கள் பிராக்கெட் என்பார்கள், நாம் பொட்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பொட்டுகளின் வழியே ஓடுகிற கம்பி. கம்பியைப் பொட்டோடு பிடித்து வைக்கிற குட்டி ரப்பர் வளையம். சாதாரணமாக ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் வரை இது வாயில் இருக்கும்.

இந்த ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நிறமில்லாத ரப்பர் போட்டவர்களுக்கு, நம் குழம்பில் இருக்கிற மஞ்சள்தூள் பட்டு இரண்டே நாளில் அது மஞ்சளாகிவிடும். கண்ணாடியில் பார்த்தால் பல்லே மஞ்சளாகிவிட்டது போல இருக்கும். பலர் பயந்து தேய்க்க ஆரம்பிப்பது இதனால்தான். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை போகும்போது டாக்டர் ரப்பரை மாற்றுவார், மஞ்சளும் அதோடு போய்விடும். சாம்பல் நிற ரப்பரோ நீல ரப்பரோ கேட்டு வாங்கினால் கறை அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளை விட்டுவிட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி மாமியாரிடம் சண்டை போட வேண்டியதில்லை.

கம்பி இருக்கும்போது பல்லை வெள்ளையாக்கலாமா? கூடாது. காரணத்தையும் கேளுங்கள்.

எலுமிச்சை கடும் புளிப்பு. பித்தளைப் பாத்திரத்தை எப்படிப் பளபளப்பாக்குகிறது? மேலே இருப்பதைக் கரைத்துத்தான். பல்லிலும் அதையே செய்கிறது. புளிப்பில் எனாமல் இளகியிருக்கும் நேரத்தில் உப்பையும் கரியையும் போட்டுத் தேய்த்தால், ஈரச் சுவரைக் கரண்டியால் சுரண்டுவது போலத்தான். கரித்தூள் பொட்டின் ஓரத்திலும் ஈறுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுப்பது பெரும்பாடு. கடையில் விற்கிற வெள்ளையாக்கும் பேஸ்ட்டிலும் கொஞ்சம் சுரண்டும் பொருள்தான் இருக்கிறது. மேல் கறையை எடுக்கும், பல்லின் நிறத்தை மாற்றாது. பொட்டுக்கு அடியில் எதுவும் சரியாகப் போய்ச் சேராது. நாளைக்குப் பொட்டை எடுத்தால் சுற்றிலும் ஒரு நிறம், நடுவில் சதுரமாக ஒரு நிறம் என்று ஆகலாம். மெடிக்கல் ஷாப்பில் பெராக்சைடு வாங்கித் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈறு வெந்துபோகும்.

சந்தையில் பாட்டிலோடு உட்கார்ந்து, பஞ்சில் நனைத்து ஒரே தேய்ப்பில் பளிச்சென்று ஆக்கிக் காட்டுகிற ஆளை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிலில் இருந்தது ஆசிட். கூட்டத்தில் நான் கேட்டதும் கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான், அடுத்த சந்தைக்கு.

"அப்போ வேப்பங்குச்சி?" என்பீர்கள். ஆலும் வேலும் என்று பழமொழியே இருக்கிறதே என்பீர்கள். கம்பி இல்லாதவர்கள் நுனியை மென்று மிருதுவாக்கிப் பயன்படுத்தினால் நான் தடுக்கவில்லை. கம்பி இருப்பவர்கள் குச்சியைக் கடித்தால் பொட்டு கழன்றுவிடும், நார் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வருடம் குச்சியை மரத்திலேயே விட்டுவையுங்கள்.

இப்போது அந்த வெள்ளைத் திட்டு. இன்றைய பேச்சில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நாம் சாப்பிட்ட சோறும் இனிப்பும் பல்லில் ஒட்டியிருந்தால், வாயில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை விடுகின்றன. இனிப்பு ஒரு தடவை வாயில் பட்டால் சுமார் அரைமணி நேரம் அந்த அமிலம் பல்லை அரிக்கும். பிறகு நம் எச்சில் அதைக் கழுவி, பல் இழந்த சுண்ணச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். சாதாரணப் பல்லில் இந்த வரவும் செலவும் சரியாகிவிடும். பொட்டு ஒட்டிய பல்லிலோ அதைச் சுற்றிலும் ஓரம், சந்து, கம்பிக்கு அடியில் நிழல். பருக்கை தங்க அருமையான இடம்! எச்சிலும் எட்டாது, பிரஷ்ஷும் எட்டாது. செலவு கூடி வரவு குறைந்தால் அந்த இடத்தில் பல் சத்தை இழந்து சுண்ணாம்பு போல வெளுக்கிறது. சுத்தம் செய்யாமல் விட்டால் நான்கே வாரத்தில் இது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். விட்டுவிட்டால் சொரசொரப்பாகி, பழுப்பாகி, குழியாகும்.

ஆகவே பல் முழுதும் சீராக இருக்கும் நிறம் ஒன்று. பொட்டைச் சுற்றி மட்டும் பளபளப்பில்லாமல் வெளுத்திருப்பது வேறு. இரண்டாவதைப் பார்த்தால் அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். குழி விழாதவரை அது திரும்பக் கெட்டிப்பட வழியுண்டு.

வழி என்ன? தேய்க்கும் முறைதான். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கம்பியை மாட்டி, "நல்லா பிரஷ் பண்ணும்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில் தண்ணீரை வாயில் வாங்கி, கன்னத்தை உப்பி, பலமாகக் கொப்பளித்துத் துப்புங்கள். பெரிய பருக்கை போய்விடும். பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும். முரட்டுப் பிரஷ்தான் நன்றாகத் தேய்க்கும் என்பது தப்பு எண்ணம். மேல் பல்லுக்குப் பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறுக்கும் பொட்டுக்கும் நடுவில் உள்ள பட்டையில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அங்கேதான் அழுக்கு அதிகம், அங்கேதான் நாம் தேய்ப்பதில்லை. பிறகு பிரஷ்ஷைக் கீழேயிருந்து மேலாகத் திருப்பி, பொட்டின் அடி ஓரம். பிறகு பொட்டின் மேலேயே. கீழ்ப் பல்லுக்கும் இதே போல. அப்புறம் கடிக்கிற பக்கம், நாக்குப் பக்கம். ஒவ்வொரு பல்லாக எண்ணிப் போக வேண்டும். அவசரமில்லாமல் செய்தால் நாலைந்து நிமிடம் பிடிக்கும். ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்யுங்கள். கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டே செய்கிற வேலை அல்ல இது.

கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குண்டூசி அளவுக்குச் சுருக்கினாற்போல ஒரு குட்டிப் பிரஷ் கிடைக்கிறது. பெரிய மெடிக்கல் ஷாப்பிலும், பல் மருத்துவரிடமும் கேளுங்கள். பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே கம்பிக்கு அடியில் மேலும் கீழுமாக விட்டு எடுக்க வேண்டும். முதல் வாரம் பொறுமை போய்விடும். பிறகு பழகிவிடும்.

பேஸ்ட் ஃப்ளூரைடு உள்ளதாக இருக்கட்டும். உடனே ஒரு சந்தேகம் வரும்: "அந்த ஃப்ளூரைடுதானே சார் நம்ம பல்லைக் கெடுத்துச்சு?" நல்ல கேள்வி. பல் உள்ளே உருவாகிற வயதில், சுமார் எட்டு வயது வரை, அளவுக்கு மேல் விழுங்கினால்தான் பல்லில் அந்தக் கறை. முளைத்து முடிந்த பல்லுக்கு மேலே பூசித் துப்பினால் அது மருந்து. அமிலத்தைத் தாங்கும் பலத்தைத் தரும். பெரியவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம், விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பேஸ்ட், எந்தப் பேஸ்ட் என்பதை நம் மாவட்டத்தில் பல் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். இராத்திரி படுக்கப் போகும்முன் தேய்ப்பதுதான் முக்கியம். அப்போது பேஸ்ட்டைத் துப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவாமல் அப்படியே படுங்கள். இரவெல்லாம் அது வேலை செய்யும்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், கமர்கட்டு வேண்டாம். கொய்யாவை மாங்காயைக் கடிக்காமல் நறுக்கி, கடைவாயில் மெல்லுங்கள். மக்காச்சோளத்தை உதிர்த்துத் தின்னுங்கள். சர்க்கரை போட்ட டீயை நாளைக்கு ஆறு தடவை குடிக்கிறவர்கள், ஒவ்வொரு தடவைக்கும் அரைமணி அமிலம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணவன்மார்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. பெண்டாட்டி பல்லு மஞ்சள் என்று கேலி பேசும் ஆண்கள் சிலர் வாயைத் திறந்தால், உள்ளே அடுப்பங்கரை மாதிரி இருக்கிறது. புகையிலை, பாக்கு, பீடி. பல் கறையாவது சுத்தம் செய்தால் போகும். வாய்க்குள் தோல் இறுகி, வாயே திறக்க முடியாமல் போவதும், புற்றுநோய் வருவதும் சுத்தம் செய்து போகிறவை அல்ல. புகையிலை கலந்த பல்பொடியை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. இன்னமும் புகையிலைத் தூளை விரலில் தொட்டுப் பல் தேய்க்கிற பெரியவர்களை வீட்டில் பார்த்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் விஷயம். கர்ப்ப காலத்தில் உடம்பின் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும், இரத்தம் கசியும். கம்பி இருந்தால் இன்னும் கூடுதல். இரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் இன்னும் வீங்கும். மிருதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காதீர்கள். வயிற்றுப் புளிப்பும் எலுமிச்சை போலத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்துத் தேயுங்கள். கம்பிக்காரர் டாக்டரிடம் கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். நாம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல் கறுக்கும் என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினால் கறை வராது. பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று கிழவிகள் சொல்வதும் சரியல்ல. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை எடுப்பதில்லை. கவனிக்காமல் விட்ட சொத்தைதான் பல்லைக் கொண்டுபோகிறது. பல்லை வெளுக்க வைக்கும் மருந்தோ கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் வெள்ளையாக்குவதே தப்பா? தப்பில்லை. காலம் இருக்கிறது. அந்த வைத்தியமே கம்பியிலிருந்து பிறந்ததுதான். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பில் கிளஸ்மையர் என்ற பல்வரிசை மருத்துவர் இருந்தார். கம்பியை எடுத்த பிறகு பல் அசையாமலிருக்கப் போடும் அச்சுத் தட்டில், ஈறுப் புண் ஆற ஒரு கிருமிநாசினியை ஊற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறும் ஆறியது, பல்லும் வெளுத்தது! அதில் இருந்த மருந்து பத்து சதவீத கார்பமைடு பெராக்சைடு. 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் இந்த முறையை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். அதன் பிறகே உலகெங்கும் பரவியது. கவனியுங்கள், கம்பியை எடுத்த பிறகு. பல்லின் அளவுக்கு அச்சு எடுத்த தட்டுதான் மருந்தை ஈறில் படாமல் பிடித்து வைக்கும். பொட்டும் கம்பியும் இருக்கையில் அந்தத் தட்டு பல்லில் உட்காராது.

கம்பியை எடுக்கும் நாளில், ஒட்டியிருந்த பசையின் மிச்சத்தை டாக்டர் முழுக்கச் சுரண்டி மெருகேற்ற வேண்டும். மிச்சம் நின்றால் அதுவே பிறகு மஞ்சளாகும். சொரசொரப்பு இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு சில மாதம் பல்லுக்கு ஓய்வு கொடுங்கள். வெள்ளைத் திட்டுகள் எச்சிலாலும் ஃப்ளூரைடாலும் தாமாகவே ஓரளவு மங்கும். அதன் பிறகும் வேண்டுமென்றால், பதினெட்டு வயது ஆனவர்கள், சொத்தையும் ஈறு நோயும் இல்லாதவர்கள், டாக்டர் சொல்படி செய்துகொள்ளலாம். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு மூன்று வாரம். நம் ஊர்ப் பழுப்புக் கோட்டுக்கு இன்னும் நாளாகும், சிலருக்கு முழுதும் போகாது. அதற்கு மேல் பூச்சு வைக்கும் வைத்தியமும் இருக்கிறது. முதலில் நம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பல் பிரிவில் காட்டுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று சொல்வார்கள்.

அந்தப் பெண்ணை மறந்துவிடவில்லை. எலுமிச்சையை விட்டாள், தேய்க்கும் முறையைக் கற்றுக்கொண்டாள். கூச்சம் குறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை அவள் கணவனே வெந்நீர் ஆற்றி வைத்து, பழத்தை நறுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டான். எடை ஏறியது. கொழுந்தன் கல்யாணத்தில் கம்பியோடுதான் நின்றாள். தை மாதம் பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. இந்த ஆனியில் கம்பியை எடுத்தார்கள். பல்வரிசை அழகாக இருக்கிறது. வெள்ளைத் திட்டு மூன்று மங்கிவிட்டது, இரண்டு நின்றுவிட்டது. பழுப்புக் கோடும் இருக்கிறது. "எப்ப சார் வெள்ளையாக்கலாம்?" என்று கேட்டது அவன்தான். அவள் சொன்னாள்: "பாப்பா பால் குடிக்குது. அது முடியட்டும். முதல்ல அதுக்கு நல்ல தண்ணி எங்க பிடிக்கிறதுன்னு கேளுங்க."

அவள் கேட்டதற்கு அன்று சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் வரும் ஊரில், குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். அது வராத நாளில் போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். உங்கள் போர்த் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக் கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு எட்டு வயது ஆகும்வரை இந்தக் கவனம் வேண்டும்.

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். கம்பி முனை கன்னத்தில் குத்துகிறதா? டாக்டர் கொடுத்த மெழுகை விரலில் உருட்டி, முனையை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு அதன்மேல் அழுத்தி வையுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். நகவெட்டியாலும் கட்டிங் பிளேயராலும் நீங்களே வெட்டாதீர்கள், துண்டு தொண்டைக்குள் போய்விடும். மறுநாளே டாக்டரிடம் போங்கள்.

நர்சம்மா கைக்கண்ணாடியும் குட்டிப் பிரஷ்ஷும் கொண்டுவந்திருக்கிறார். கம்பி கட்டியவர்கள் வீட்டுக்காரரோடு முன்னால் வாருங்கள், பிடிக்கிற விதத்தைக் காட்டுகிறேன்.